மடி மாறிய பூனை

கள்ளக்குறிச்சி,
8.1.2025

அன்புத் தங்கை ரம்ஜான் பீவிக்கு,

உன் மீதும் உன் வீட்டார் மீதும் இறைவனின் சாந்தி நிலவுக. பெங்களூரிலிருந்து நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். நானும் உன் மதினியும் நலம். மகள் ஷிரின் மறுநாளே கரியாலூருக்குப் போய்விட்டாள். அங்கே சுகாதார நிலையத்தில் மருந்து எடுத்துக் கொடுக்க அவளை விட்டால் வேறு ஆள் இல்லையாம். மச்சான் அன்சருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? உன் மகள் சப்ரினுக்குத் தேர்வு எப்போது?

இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ அழுவாய். நீ அழுதால் நான் கேட்க வந்ததை விட்டுவிடுவேன். சிறு வயதிலிருந்து நமக்குள் இதுதான் வழக்கம். ஆகவே எழுதுகிறேன்.

டிசம்பர் கடைசியில், நாங்கள் புறப்படுவதற்கு முந்தைய மாலை நீ எங்களை அழைத்துப்போன அந்தப் பூனைக் காபிக்கடை எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கையில் மருந்து தெளித்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று ஆளுக்கு ஒரு கட்டணம். "ஏம்மா, நம்ம இரும்புக்கடை பின்னால பூனைங்க சும்மாவே சுத்திக்கினு இருக்குதே, அதுக்கு நான் யார்கிட்ட துட்டு வசூல் பண்றது?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "அண்ணா, கொஞ்ச நேரம் வாயத் தொறக்காம உக்காருண்ணா" என்றாய்.

வரலாற்றில் முதுகலை முடித்து, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுதும் ஆணியும் கம்பியும் விற்றுப் பேசிப் பேசியே பிழைத்தவனை ஒரு பூனைக்கடையில் வாய் மூடச் சொல்லக் காரணம் என்ன என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பூனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து மேசையில் வயதான ஒரு தம்பதியும் ஓர் இளைஞனும் இருந்தார்கள். அந்த அம்மாள் காபியைத் தொடவே இல்லை. நீ ஒரு வெள்ளைப் பூனையைத் தூக்கிவந்து ஷிரினின் மடியில் வைத்தாய். அது அவளுடைய மூக்குக் கண்ணாடியை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. கழற்றி வைக்கும்படி நான்தான் சொன்னேன். பூனை இறங்கிச் சப்ரின் பக்கம் போயிற்று. நீ மறுபடி தூக்கி வந்தாய். கடைக்காரப் பெண் உன்னைக் கண்டித்தாள்.

நேற்று ஓசூரிலிருந்து ஒருவர் என் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் அழைத்தார். "காஜா மைதீன் பாய்ங்களா? பொண்ணு எங்களுக்குப் புடிச்சிப் போச்சிங்க. எப்ப பேசலாம்?" எந்தப் பெண் என்றேன். "அதாங்க, பூனைய மடில வெச்சிக்கினு இருந்துச்சே." தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஷிரினுக்கு நான் கொடுத்த வாக்கு உனக்குத் தெரியும். மூன்றாவதாகப் பெண் பார்க்க வந்தவர்கள், அவள் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, செய்தித்தாளைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அவளும் படித்தாள். அன்றிரவு, அவளாகக் கேட்காமல் இனி எவர் பார்வைக்கும் அவளை வைக்கமாட்டேன் என்றேன். நீயும் அப்போது இந்த வீட்டில்தான் இருந்தாய்.

ஓசூர்க்காரர்கள் அந்தக் கடைக்கு வந்தது உனக்குத் தெரிந்து நடந்ததா? ஆம் அல்லது இல்லை என்று எழுது, போதும்.

உன் நலம் நாடும் அண்ணன்,
காஜா மைதீன்

*

பெங்களூர்,
17.1.2025

என் அண்ணனுக்கு, ரம்ஜான் சொல்ற சலாம்.

இங்க எல்லாரும் அல்லாஹ் புண்ணியத்துல நல்லா இருக்கோம். இவருக்குச் சர்க்கரை ஜாஸ்திதான். ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தின்னு டாக்டர் சொன்னா, நாலு சாப்பிட்டுட்டு ரெண்டுன்னு சாதிக்கிறார். சப்ரினுக்கு ஏப்ரல்ல காலேஜ் பரீட்சை. மதினிக்கு முட்டி வலி எப்படி இருக்கு? நான் குடுத்த தைலத்தைத் தேய்க்கச் சொல்லு.

யாரோ போன் பண்ணாங்கன்னு எழுதியிருக்க. பெங்களூர்ல காபி குடிக்க ஆயிரம் பேர் வருவாங்க, போவாங்க, நான் யாரைக் கண்டேன்? ஓசூர்னு எழுதியிருக்கறதால, ஒருவேளை மெஹருன்னிசா வீட்டு ஆளுங்களா இருக்கும். இருந்தா நல்ல ஆளுங்க. பூர்வீகம் நம்ம பக்கம், சங்கராபுரம். ஒரே பையன், பேரு ரபீக், மோட்டார் கம்பெனியில எஞ்சினீயர், சிகரெட்டு கிடையாது, தொழுகை விடமாட்டான். இதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டதுதான்.

அவங்க திரும்பப் பேசினா நீ சுள்ளுன்னு எதுவும் சொல்லிடாத. எந்தப் பொண்ணுன்னு மட்டும் நல்லாக் கேட்டுக்கோ.

பூனை கீறின இடம் எனக்கு இன்னும் ஆறலை.

உன் தங்கச்சி,
ரம்ஜான்

*

கள்ளக்குறிச்சி,
21.1.2025

என் அன்பு மகள் ஷிரினுக்கு,

இறைவன் உன்னைக் காப்பானாக. மலையில் பனி கடுமை என்று கச்சிராயபாளையத்திலிருந்து கடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். கம்பளி போதுமா? இருமல் இருக்கிறதா? மருந்து உன் கையிலேயே இருக்கிறது என்பது தெரியும். இருந்தாலும் கேட்பது என் பழக்கம்.

இரண்டு ஞாயிறாக நீ வரவில்லை. தொலைபேசியையும் எடுப்பதில்லை. கரியாலூரில் செல்பேசிக் கோபுரம் சரியாக வேலை செய்வதில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பெங்களூரில் நடந்த ஒன்றைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். உனக்கு அது வேறு வழியாகத் தெரிந்திருந்தால், தெரிந்தது முழுமையானதல்ல என்று மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள். எனக்கே முழுமை எதுவென்று விளங்கவில்லை. அடுத்த ஞாயிறு வா.

உன் அத்தா

*

கள்ளக்குறிச்சி,
5.2.2025

தங்கை ரம்ஜான் பீவிக்கு,

சாந்தி நிலவுக. இங்கு நலம். உன் மதினிக்கு முட்டி வலி சற்றுக் குறைவு. தைலத்தாலா வெயிலாலா என்று தெரியவில்லை.

ஆம் அல்லது இல்லை என்று கேட்டதற்கு நீ ஒரு முழுத்தாள் எழுதியிருந்தாய். யாரோ சொல்லிக் கேட்ட இளைஞனின் சிகரெட்டு வரைக்கும் உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே விடை கிடைத்துவிட்டது.

ஓசூர்க்காரர் மீண்டும் அழைத்தார். நீ சொன்னபடியே, எந்தப் பெண் என்று நன்றாகக் கேட்டேன். அதனால் என் குழப்பம் இரண்டு மடங்கானது. "செவப்புத் துப்பட்டா போட்டிருந்துச்சிங்க" என்றார் அவர். பின்னாலிருந்து அவர் மனைவி, "இல்லீங்க, பச்ச!" என்றார். "செவப்புதாண்டி." "உங்களுக்கு என்னாத்த தெரியும், நீங்க அந்தக் கடுவன் பூனைய கொஞ்சிக்கினு இருந்தீங்க." பிறகு இருவரும் ஒரே குரலில், "கண்ணாடி போடாத பொண்ணுங்க" என்று முடித்தார்கள்.

பச்சை ஷிரின். சிவப்பு உன் மகள் சப்ரின். கண்ணாடியோ அந்த நேரத்தில் இருவர் முகத்திலும் இல்லை. வெள்ளைப் பூனை இருவர் மடியிலும் இருந்தது. யாரைப் பார்த்தார்கள் என்று பார்த்தவர்களுக்கே தெரியவில்லை. பார்க்கப்பட்டவர்களுக்குப் பார்க்கப்பட்டதே தெரியாது. நீ ஒருத்தி மட்டுமே எல்லாம் தெரிந்து நடுவில் உட்கார்ந்திருந்தாய்.

அந்தக் கடையின் சுவரில் ஓர் அறிவிப்பு இருந்தது: பூனையை அதன் விருப்பம் இல்லாமல் தூக்காதீர்கள், அது தானாக வரட்டும். நான் அதை இரண்டு முறை படித்தேன். படித்து, பெங்களூர்க்காரர்களின் செல்லத்தை எண்ணிச் சிரித்தேன். அதே சுவருக்குக் கீழேதான் என் மகளை நீ உட்கார வைத்திருந்தாய்.

அவர்களுக்கு என்ன அடையாளம் சொல்லி வைத்தாய்? நடந்ததை நடந்தபடி எழுது.

காஜா மைதீன்

*

பெங்களூர்,
14.2.2025

அண்ணனுக்கு சலாம். எல்லாரும் நல்லா இருக்கோம், நான் மட்டும் இல்லை. தூக்கமே வரலை.

சரி, எழுதறேன். நான்தான் வரச் சொன்னேன். வெள்ளைப் பூனை எந்தப் பொண்ணு மடியில இருக்கோ அதான் எங்க அண்ணன் பொண்ணுன்னு சொல்லி வெச்சேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா ஷிரினுக்குச் சந்தேகம் வரும்னு பயம். பூனை ஒரு இடத்துல நிக்காதுன்னு எனக்குத் தோணலை. ரெண்டு வாட்டி தூக்கிட்டு வந்தேன், கையக் கீறிட்டு, ஓடிப்போய் சப்ரின் மடியில உக்காந்து தூங்கிடுச்சி. தூங்கற பூனையத் தூக்கக்கூடாதுன்னு அந்தக் கடைக்காரி வந்துட்டா.

நான் புதுசா ஒன்னும் செஞ்சிடலையே? அம்மா என்னை, சும்மா துணி பாக்கலாம் வாடின்னு கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கினு போனாங்க, ஞாபகம் இருக்கா? இவரோட அம்மா எதிர்ப் பாயில உக்காந்து, ஒரு சீலை கூட வாங்காம என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. எனக்கு அது நிக்காஹ் முடிஞ்சித்தான் தெரியும். எனக்கு இன்னா கெட்டுப் போச்சி? தட்டு தூக்கிக்கினு நாலு பேர் முன்னாடி நிக்கற கொடுமை இல்ல, வேணாம்னு சொன்னாலும் பொண்ணுக்குத் தெரியாது. ஷிரினுக்கும் அப்படி நோகாம முடியட்டும்னுதான் செஞ்சேன்.

போன வாரம் பையனோட அம்மா மெஹருன்னிசாவுக்கு ரெண்டு பேர் போட்டோவும் காட்டினேன். சப்ரின் மேல விரலை வெச்சிட்டாங்க. இவர் உடனே சரின்னுட்டார். நான் இன்னா பண்ணட்டும்?

ஒன்னு கேக்கறேன், கோவிக்காத. உன் பொண்ணுக்குப் பாத்த இடம் என் பொண்ணுக்கு வந்துடுச்சேன்னுதான் உனக்கு இவ்வளவு கோபமா?

ரம்ஜான்

*

கள்ளக்குறிச்சி,
24.2.2025

என் அன்பு மகள் ஷிரினுக்கு,

இறைவன் உனக்கு நல்ல உடல்நலம் தருவானாக. நாங்கள் நலமே.

சென்ற சனிக்கிழமை உன்னைப் பார்க்கக் கரியாலூர் வந்தேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், "அருவிக்கா பாய்? இப்போ தண்ணி இல்ல பாய், பாறையத்தான் பாத்துட்டு வரணும்" என்று வெள்ளிமலை வரைக்கும் எனக்காக வருந்திக்கொண்டு வந்தார். மகளைப் பார்க்கப் போகிறேன் என்றதும் மகிழ்ந்து எனக்கு ஒரு மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்.

சுகாதார நிலையத்தில் செவிலியர் அனிட்டா இருந்தார். "சார், ஷிரின் மேடம் கேம்ப்புக்குப் போய்க்கினு இருக்காங்க... இல்ல சார், போயிட்டாங்க" என்றார். எப்போது வருவாள் என்றேன். "நீங்க போனப்புறம்... சாயங்காலம் சார்." நல்ல பெண், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பின்னால் உன் அறைக்குப் போய்க் கம்பளிப் பையை வாசலில் வைத்தேன். உன் செருப்பு வெளியே கிடந்தது. கேம்ப்புக்கு வேறு செருப்பில் போயிருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நேரில் சொல்ல நினைத்ததை எழுதிவிடுகிறேன். அந்தப் பூனைக்கடைக்கு ஓசூரிலிருந்து வந்திருந்தவர்கள் உன்னைப் பார்க்க வந்தவர்கள். ஏற்பாடு உன் ரம்ஜான் மாமியுடையது. எனக்கு அது ஜனவரி ஏழாம் தேதிதான் தெரியும். அதுவும் அவர்களுடைய தொலைபேசி அழைப்பால். இப்போது அவர்கள் சப்ரினைக் கேட்பதாக உன் மாமி எழுதியிருக்கிறாள். அதில் எனக்கு வருத்தமும் இல்லை, அக்கறையும் இல்லை. உனக்கு நான் தந்த வாக்கை நான் மீறவில்லை என்பது ஒன்றே உனக்குத் தெரிய வேண்டியது. உன் அம்மா என்னை நம்புகிறாள். எனக்கு எதுவுமே தெரியாது என்பது அவளுடைய நெடுநாளைய கருத்து.

பதில் எழுது. கோபமாக எழுதினாலும் சரி.

உன் அத்தா

*

கரியாலூர்,
10.3.2025

அத்தாவுக்கு,

இறைவனின் கருணை உங்களோடும் அம்மாவோடும் இருக்கட்டும். நான் நலம். நோன்பு தடையில்லாமல் போகிறது. இரத்த அழுத்த மாத்திரையை விடியுமுன் ஸஹர் உணவுக்குப் பிறகு எடுங்கள். நோன்பு திறந்த பிறகு என்று ஒத்திப்போடாதீர்கள். கம்பளிக்கு நன்றி.

செருப்பைப் பற்றி நீங்கள் எழுதியது சரியல்ல. நான் உள்ளேதான் இருந்தேன். அனிட்டாவைப் பொய் சொல்ல வைத்தது என் தவறு. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

நீங்கள் எழுதியதைப் பலமுறை படித்தேன். வாக்கியங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் அன்று நான் பார்த்தது வேறு. அந்த அம்மாள் என் பாதத்தையும் நடையையும் பார்ப்பதைக் கண்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று முறை பார்க்கப்பட்டவளுக்கு அந்தப் பார்வை பழக்கம். "மாமி, இவங்க யாரு, ஏன் என்னையே பாத்துக்கினு இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். மாமி என் காதில் சொன்னார்: "உங்க அத்தாவுக்குத் தெரியும்டி, பேசாம உக்காரு."

நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். அதே நொடியில் நீங்களும் திரும்பி, "கண்ணாடியக் கழட்டிடும்மா" என்றீர்கள்.

பூனை கண்ணாடியை இழுக்கப் பார்த்தது உண்மைதான். ஆனால் மாமி சொன்னது காதில் இருந்தபோது, அந்தப் பூனையும் உங்கள் பக்கம் சேர்ந்துகொண்டது போல்தான் எனக்குத் தோன்றியது. கழற்றினேன். அதன் பிறகு எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. எல்லாரும் வெள்ளையாக, கலங்கலாக இருந்தார்கள்.

எதை நம்புவதென்று தெரியவில்லை, அத்தா. தெரியும்வரை ஊருக்கு வரும் எண்ணம் இல்லை. அம்மாவுக்கு வேலை அதிகம் என்று சொல்லுங்கள்.

ஷிரின்

*

கள்ளக்குறிச்சி,
13.3.2025

ரம்ஜான் பீவிக்கு,

சாந்தி உண்டாகட்டும். மார்க்கம் கடமையாக்கியிருப்பதால் அதை எழுதுகிறேன். நலம் விசாரிப்பது கடமையல்ல, விட்டுவிடுகிறேன்.

என் கோபம் சப்ரினின் பொருட்டு என்று நினைத்தாய். அவள் எங்கே வாழ்ந்தாலும் நன்றாக வாழட்டும். அன்று நீ ஷிரினின் காதில் சொன்னது இப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குத் தெரியும் என்றாய். என் மகளை உட்கார வைக்க என் பெயரைப் பயன்படுத்தினாய். உன் சொல் போதாது என்று தெரிந்துதானே என் சொல்லை எடுத்தாய்?

சொன்னது பொய் என்று அவளிடம் சொல். அதைச் சொல்லும்வரை இந்த வீட்டிலிருந்து உனக்குக் கடிதம் வராது.

காஜா மைதீன்

*

கள்ளக்குறிச்சி,
22.3.2025

ஓசூரில் வாழும் ரபீக்கின் பெற்றோர் அவர்களுக்கு,

தங்கள் இல்லத்தில் சாந்தி நிலவுக. தாங்கள் இருவரும் நலமென நம்புகிறேன்.

தாங்கள் இருமுறை தொலைபேசியில் அழைத்தும் நான் தெளிவான விடை தரவில்லை. இப்போது தருகிறேன். சென்ற டிசம்பரில் தாங்கள் பெங்களூருக்கு வந்தது எனக்குத் தெரிந்து நடந்ததல்ல. என் மகளைப் பார்க்க நான் எவருக்கும் இசைவு தரவில்லை. என் தங்கை வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அது தவறு. தங்கள் மீது எனக்குக் குறையில்லை, அழைத்தார்கள், வந்தீர்கள். சப்ரின் என் மகளல்ல. அவளைப் பற்றிப் பேச வேண்டியது அவளுடைய பெற்றோரிடம்.

தங்கள் மகனுக்கு நல்ல வாழ்வு அமையட்டும்.

காஜா மைதீன்

*

ஓசூர்,
12.4.2025

காஜா மைதீன் அண்ணனுக்கு, ரபீக்கோட அம்மா மெஹருன்னிசா சலாம் சொல்லி எழுதறது. பெருநாள் நல்லபடியா முடிஞ்சிருக்கும்னு நம்பறேன். இங்க பெருநாளே இல்லைங்க.

உங்க கடிதாசிய முதல்ல பிரிச்சிப் படிச்சது எங்க ரபீக்தான். அதுல வந்த வினைங்க இது. உங்க தங்கச்சி எங்ககிட்ட, அண்ணனுக்கு எல்லாம் தெரியும், பொண்ணுக்கு மட்டும் சொல்லாதீங்கன்னாங்க. சரி, பொண்ணுக்குச் சொல்லலைன்னா பையனுக்கும் எதுக்குச் சொல்லணும்னு நாங்களும் மறைச்சிட்டோம். பூனை பாக்கலாம் வாடான்னுதான் கூட்டிக்கினு போனோம். அவனுக்குச் சின்னதுலேர்ந்து பூனைன்னா உசுரு.

கடிதாசிய என் முன்னாடி போட்டு, "என்னை எதுக்கும்மா கூட்டிக்கினு போன?"ன்னான். நடந்ததைச் சொன்னேன். "எந்தப் பொண்ணு?"ன்னான். எனக்குச் சொல்லத் தெரியலைங்க. போட்டோவுல சின்னதைத்தான் காட்டினேன். ஆனா இப்ப கண்ணை மூடினா பச்சைத் துப்பட்டாவுல இருந்தது பெரியதுதான்னு தோணுது. இவரைக் கேட்டா அந்தப் பழுப்புப் பூனையத் தவிர ஒன்னும் ஞாபகம் இல்லைங்கிறார். ரபீக் எந்தப் பொண்ணையும் பாக்கலையாம். "நான் பூனையத்தான் பாத்தேன், என்னைய யார் யார் பாத்தாங்களோ" அப்படின்னு சொல்லிட்டு எழுந்து போனவன்தான். பெருநாள் தொழுகைக்குப் போய்ட்டு வந்து, நான் செஞ்ச பிரியாணிய மூடியே வெச்சிட்டான். எங்ககூட பேச்சு இல்லை. சப்ரின் கல்யாணப் பேச்சையும் நிறுத்திட்டோம்.

உங்க பொண்ணும் பேசறது இல்லைன்னு உங்க தங்கச்சி போன்ல சொல்லி அழுதாங்க. ஒன்னு கேக்கணும்னுதான் எழுதறேன். அது இப்ப பேசிடுச்சாங்க? பேசியிருந்தா, நீங்க இன்னா சொன்னீங்கன்னு எழுதுங்க. நானும் அதையே இவன்கிட்ட சொல்லிப் பாக்கறேன்.

மெஹருன்னிசா

*

கள்ளக்குறிச்சி,
19.4.2025

என் அன்பு மகள் ஷிரினுக்கு,

இறைவன் உன்னை நல்ல நிலையில் வைத்திருக்கட்டும். பெருநாளன்று உன் அம்மா உன் பங்கை எடுத்து வைத்தாள். மறுநாள் அதைக் கடையில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்தாள். மற்றபடி நலம்.

ஓசூரிலிருந்து அந்த அம்மாள் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கும் எதுவும் சொல்லாமல்தான் அழைத்து வந்தார்களாம். அவனும் அவர்களோடு பேசுவதில்லை. அன்று யாரைப் பார்த்தோம் என்பதே அவருக்கு இப்போது தெரியவில்லை. சப்ரின் பேச்சு நின்றுவிட்டது. உன்னைப் பேச வைக்க நான் என்ன சொன்னேன் என்று கேட்டிருக்கிறார், தன் மகனிடம் சொல்வதற்கு. இன்னும் பதில் எழுதவில்லை. எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

உன் மாமியிடமிருந்தும் ஒரு சொல்லும் இல்லை.

தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று காட்டலாம். தெரியாது என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. வரலாறு படித்தவனுக்கு இது முதலாண்டிலேயே சொல்லித்தரப்பட்டது. மறந்துவிட்டு உனக்கு மூன்று மாதமாகத் தேதிகளை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மாலை எனக்கு எதுவும் தெரியாது என்பது உண்மை. பக்கத்து மேசையிலிருந்து ஒருத்தி உன்னை அளந்துகொண்டிருந்தபோது, வாக்குக் கொடுத்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. நீ பார்த்தவுடன் புரிந்துகொண்டாய். எனக்கு ஓசூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது.

இனி இதைப் பற்றி உனக்கு எழுதமாட்டேன். மாம்பழம் வரத் தொடங்கியிருக்கிறது. பேருந்து நடத்துநரிடம் கொடுத்து அனுப்பட்டுமா என்று மட்டும் எழுது.

உன் அத்தா

*

கரியாலூர்,
6.5.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க என் துஆ. இங்கே கோடை மழை நன்றாகப் பெய்கிறது. அருவியில் தண்ணீர் வந்துவிட்டது, கூட்டமும் வந்துவிட்டது. பாறையில் வழுக்கி விழுந்து வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவதே அனிட்டாவுக்கு வேலை.

சென்ற வாரம் ரம்ஜான் மாமி தொலைபேசியில் பேசினார். நிறைய அழுதார். "உங்க அத்தாவுக்கு ஒன்னுமே தெரியாதுடி. நீ எழுந்து போயிடுவியோன்னு பயத்துல நான்தான் புளுகிட்டேன்" என்றார். கேட்டுக்கொண்டேன். டிசம்பரில் உங்களுக்குத் தெரியும் என்று சொன்னதும் இதே மாமிதான். அன்றைக்கும் அவர் குரலில் தடுமாற்றமே இல்லை. இன்றைக்கு இதைச் சொல்லும்படி நீங்கள் அவரிடம் கேட்டுக்கொண்டீர்களா என்றேன். ஆமாம் என்றார். அவர் சொன்னது எனக்கு எந்தப் பக்கமும் உதவவில்லை.

அதற்கு உங்கள் கடைசிக் கடிதம் பரவாயில்லை. அதில் நீங்கள் எதையும் நிரூபிக்கப் பார்க்கவில்லை. அதை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் ஒருவரைத் தாளில் வைத்து நம்புவது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியலாம். தெரியாமலும் போகலாம். தெரியாவிட்டால் திங்கட்கிழமை முதல் பேருந்தில் திரும்பிவிடுவேன். அப்போது நீங்கள் தடுக்கக் கூடாது.

மாம்பழத்தை நடத்துநரிடம் கொடுக்க வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை மாலை கள்ளக்குறிச்சிக்கு வருகிறேன். பேருந்து நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டியதில்லை. ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவேன். பிரியாணி வேண்டாம், உறவினர் யாரையும் அழைக்க வேண்டாம். எப்போதும்போல் கடைச் சட்டையிலேயே இருங்கள்.

நான் உங்களைப் பார்க்க வருகிறேன், அத்தா. பார்க்க வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மகள்,
ஷிரின்